தூங்கத் தெரிந்த சிப்

கேள்வி: அப்பா சக்கர நாற்காலியில்தான் தறிப்பட்டறைக்குப் போய்வருகிறார். வண்டி சாய்ந்தால், 400 மீட்டர் தள்ளிக் கோழிப்பண்ணையில் இருக்கும் அம்மாவிடம் அலாரம் அடிக்க வேண்டும். ஈஎஸ்பி32 போர்டில் செய்து பார்த்தேன். வைஃபை பண்ணைவரை எட்டவில்லை. 1000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு பகல்கூடத் தாங்கவில்லை. எதற்கு மாற்றலாம்? நாற்காலியின் ஜாய்ஸ்டிக்கையும் வயர்லெஸ் ஆக்கலாமா?
- பாலிடெக்னிக் மாணவர், ராசிபுரம்

பதில்: பேட்டரி மேல் குற்றமில்லை. வைஃபை விழித்தே இருந்தால் ஈஎஸ்பி32 சராசரியாக 100 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பத்து மணி நேரத்தில் காலி. உங்கள் கருவிக்கு நாள் முழுக்க வேலையே இல்லை. வண்டி சாயும் அந்த நொடிக்காகக் காத்திருப்பதுதான் அதன் பாடு. ஆகவே வேகத்தையும் மெமரியையும் பார்த்துச் சிப் வாங்காதீர்கள். தூங்கும்போது எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள்.

எஸ்டிஎம்32டபிள்யூஎல்இ5 சிப்பில் மைக்ரோ கன்ட்ரோலரும், குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் எட்டும் லோரா ரேடியோவும் சேர்ந்தே இருக்கின்றன. இதை வைத்துச் செய்த ஆர்ஏகே3172 போன்ற மாட்யூல் கட்டைவிரல் நகமளவே இருக்கும்; தூக்கத்தில் 2 மைக்ரோ ஆம்பியர் போதும். அசைவைக் கவனிக்க ஏடிஎக்ஸ்எல்362 சென்சார் வையுங்கள். அதுவும் 2 மைக்ரோ ஆம்பியருக்குள் விழித்திருந்து, வண்டி சாய்ந்ததும் சிப்பை எழுப்பும். 865-867 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் மாட்யூலாகக் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் அதற்கு உரிமம் வேண்டாம். அமெரிக்காவுக்கான 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தகரக் கூரையும் கம்பி வலையும் சிக்னலைத் தடுக்கும் என்பதால், அம்மா வழக்கமாக நிற்கும் இடங்களிலேயே சோதியுங்கள்.

அலாரம் அடிக்கவில்லை என்றால் அப்பா நலம் என்று அர்த்தமில்லை, கருவியே செத்திருக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று ஒரு சிறு செய்தி அனுப்பச் செய்யுங்கள். தொடர்ந்து மூன்று செய்திகள் வராவிட்டால், அதே மாட்யூல் வைத்த அம்மாவின் கருவி கத்தட்டும். இந்தச் செய்திகளையும் சேர்த்தாலும் அப்பாவின் பேட்டரி மாதக்கணக்கில் வரும். அம்மாவின் கருவி எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பதால் சுமார் 5 மில்லி ஆம்பியர் கேட்கும். வாரம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

டெவலப்மென்ட் போர்டை அப்படியே மாட்டாதீர்கள். அதிலுள்ள பவர் எல்இடியும் ரெகுலேட்டரும் சிப்பைவிடப் பல மடங்கு தின்னும். மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்துத் தூக்க மின்னோட்டத்தை அளந்த பிறகே பெட்டியை மூடுங்கள்.

ஜாய்ஸ்டிக் ஒயரிலேயே இருக்கட்டும். கைக்கு எட்டும் இடத்தில் வயர்லெஸ்ஸால் ஆதாயமில்லை; சிக்னல் தடுமாறினால் ஆபத்து. கூட இருப்பவருக்கு ரிமோட் கட்டாயம் வேண்டுமென்றால், அரை நொடி சிக்னல் வராவிட்டால் மோட்டார் தானே நிற்க வேண்டும். புரோகிராம் உறைந்தால் சிப்பை மீண்டும் தொடங்க வைக்கும் வாட்ச்டாக் டைமரையும் இயக்கி வையுங்கள்.

சென்னை ஐஐடியின் ஆர்2டி2 மையம் 2019இல் வெளியிட்ட, எழுந்து நிற்க உதவும் ‘அரைஸ்’ நாற்காலி கை விசையிலேயே இயங்குகிறது. சிப் இல்லாமல் முடிகிற இடத்தில் சிப் வேண்டாம்.