யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆதிக்குடிகள்: பூர்வீகம் பற்றிய கருத்து வேறுபாடுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களின் முன்னோர் எங்கிருந்து, எப்போது வந்தனர் என்பது அறிஞரிடையே நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வரும் விடயமாகும். இதற்கு விடை எழுதும் மாணவர் பலர் ஐதீகத்தையும் தொல்லியற் சான்றையும் கலந்து எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர்.

முதலில் ஐதீகத்தை நோக்குவோம். ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, யாழ் வாசித்துப் பரிசாக மணற்றிடரைப் பெற்ற குருடனான யாழ்ப்பாணன் தமிழகத்திலிருந்து குடிகளை அழைத்து வந்தான் என்கிறது. பின்னர் ஆரியச்சக்கரவர்த்தி ஒருவன் பிரதானிகளை ஊர் ஊராகக் குடியமர்த்தினான் எனவும் கூறுகிறது. தெல்லிப்பழைக்குச் சொல்லப்படும் பெயர் செண்பக மாப்பாணன். நமது ஊர்ப்பெயர் வருவதால் இக்கதையில் நமக்கு ஒரு பற்று ஏற்படுவது இயல்பே. ஆனால் இது நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் எழுதப்பட்டது என்பதை மறத்தலாகாது.

இதை நம்பினால் குடாநாட்டு வரலாறு யாழ்ப்பாண இராச்சியத்தை ஒட்டியே தொடங்கும். மண்ணுக்குள் கிடைத்தவை வேறு கதை கூறுகின்றன. சுன்னாகத்தை அடுத்த கந்தரோடையில் போல் பீரிஸ் 1917 முதல் ஆய்வு செய்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தினர் அகழ்ந்தனர். அங்கு கிடைத்த கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டை ஒத்தவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் மேற்கொண்ட அகழ்வில் எலும்புக்கூட்டுடன் ஒரு முத்திரை கிடைத்தது. அதன் மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியில் பிராமி எழுத்துகளும் உள்ளன. கி.மு. 3ஆம் நூற்றாண்டளவினதாகக் கருதப்படும் அவ்வெழுத்துகளைக் 'கோவேத' என்றும் 'கோவேந்த' என்றும் வாசிப்பர். கோ என்றால் அரசன் அல்லது தலைவன்.

அவ்வாறாயின் பெருங்கற்கால மக்கள் கூட்டமாக வந்தேறியவர்களா? இங்குதான் விவாதம் சூடுபிடிக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1965ஆம் ஆண்டு ஆய்வேட்டில் தமிழரின் பெருங்குடியேற்றங்களைப் பிற்காலத்துக்கு உரியனவாகவே கொண்டார். 2005இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை மாற்றி, இலங்கையில் முன்பே வாழ்ந்த மக்களிடையே மொழியும் பண்பாடும் பரவியமைக்கு முதலிடம் கொடுத்தார். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கி.மீ. தூரமே உண்டு. இத்தகைய கடலில் ஆள், பொருள், மொழி யாவும் இருபுறமும் சென்று வந்திருக்கும். ஒரே நாளில் ஒரே கப்பலில் வந்திறங்கியிருக்கத் தேவையில்லை.

இவ்விவாதம் நமக்கு மட்டும் உரியதன்று. நைஜீரியாவின் யொரூபா மக்களிடமும் முன்னோன் ஒதுதுவா மக்காவிலிருந்து வந்தான் என்ற கதையும், உலகமே இலே-இஃபேயில்தான் படைக்கப்பட்டது என்ற கதையும் அருகருகே வழங்குகின்றன.

பயிற்சி வினா: செண்பக மாப்பாணன் பற்றிய செய்தியைக் குடாநாட்டின் முதற்குடியேற்றத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. இதற்கான இரு காரணங்களைக் கந்தரோடை, ஆனைக்கோட்டைச் சான்றுகளுடன் விளக்குக.