ஒரே மெஷினில் நாலு வேலை

தம்பி,

பத்துக்குப் பன்னிரண்டு அடி கார் ஷெட்டைப் பட்டறையாக்கப் போகிறாய்; ரம்பம், இழைப்பு, துளை எல்லாம் சேர்ந்த காம்பினேஷன் மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கலாம். ஆனால் மெஷினின் நீள அகலத்தை மட்டும் அளந்து இடம் போதும் என்று முடிவு கட்டாதே. ஆறடிப் பலகையை இழைக்கக் கத்திக்கு முன்னால் ஆறடி, பின்னால் ஆறடி வேண்டும். பன்னிரண்டு அடியும் அதிலேயே தீர்ந்தது. மெஷினுக்குச் சக்கரம் போட்டு, கதவுக்கு நேராகத் திருப்பிவை. பலகை வாசல் தாண்டிப் போய்வரட்டும். வேலை செய்யும்போது மட்டும் சக்கரத்தைப் பூட்டு.

ஒரே மெஷினில் பல வேலை என்ற யோசனை புதிதல்ல. ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போன ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட், 1947-இல் கலிபோர்னியாவிலிருந்து 'ஷாப்ஸ்மித்' மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டு குழாய்களின் மேல் நகரும் ஒரே மோட்டார். அதிலேயே வட்ட ரம்பம் மாட்டலாம், கடைசல் பிடிக்கலாம், நிமிர்த்தி வைத்துத் துளை போடலாம், உப்புத்தாள் ஒட்டிய தட்டைச் சுழலவிட்டுத் தேய்க்கலாம். சரித்து அறுக்க வேண்டுமென்றால் ரம்பம் சாயாது, மேசைதான் சாயும். ஆஸ்திரியாவின் ஃபெல்டர் போன்ற ஐரோப்பிய மெஷின்களில் இழைப்பும் சேர்ந்தே வரும். நம் ஊரில் கிடைப்பது அந்த வகையின் எளிய உருவம். கடைசல்தான் உன் ஆசை என்றால் ஷாப்ஸ்மித் பாணி உனக்கு ஏற்றது. மேசை, கதவு, அலமாரி செய்ய நினைப்பவனுக்கு இழைப்பு இல்லாத மெஷினால் பாதிப் பயன்தான்.

இழைப்பில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கத்தி உருளை ஒன்றுதான். அதன் மேல்பக்கம் மட்டமாக்கும், கீழ்ப்பக்கம் கனம் எடுக்கும், அதாவது பலகையை ஒரே கனமாக்கும். அவசரக்காரன் முறுக்கிய பலகையை நேரே கனம் எடுக்கும் பக்கம் விடுவான். உள்ளே உருளைகள் அதை அழுத்தி நேராக்கிவிடும். வெளியே வந்ததும் பலகை பழையபடி முறுக்கிக்கொள்ளும். கனம் எடுக்கும் பக்கத்துக்கு அடிமுகத்தைப் பார்த்து மேல்முகத்தை வெட்டத்தான் தெரியும். அதனால் முதலில் ஒரு முகத்தை மேலே இழைத்து மட்டமாக்கு. அந்த முகத்தைத் தடுப்புப் பலகையில் அணைத்து ஒரு விளிம்பைச் செங்கோணமாக்கு. பிறகுதான் கனம், கடைசியில் ரம்பத்தில் அகலம்.

இந்த வரிசை எல்லா மெஷினுக்கும் உண்டு. ஆனால் தனித்தனி மெஷின் வைத்திருப்பவன் நடுவில் ஒரு சட்டம் குறைந்தால் எழுந்துபோய் ஒன்று இழைத்து வருவான். உனக்கு அந்த வசதி இல்லை. வேலை மாற இழைப்பு மேசையைத் தூக்கி, தடுப்பைக் கழற்றி மறுபடி வைக்கும்போது முன்பு வைத்த கனம் அப்படியே திரும்பி வராது, சிறிதாவது மாறும். துளைக்குள் செருகும் கழுந்து ஆட அதுவே போதும். அதனால் நாலு கால், நாலு சட்டம் என்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழைத்துவிட்டு அடுத்த வேலைக்கு மாறு. ஒவ்வொரு கனத்திலும் ஒரு துண்டு கூடுதலாக இழைத்து வை. துளையின் அளவைப் பார்க்கவும், கழுந்தைச் சோதிக்கவும் அது வேண்டும். மரம் வீண் என்று கணக்குப் பார்க்காதே.

மலிவான மெஷின்கள் பலவற்றில் ரம்பமும் இழைப்புக் கத்தியும் ஒரே தண்டில் இருக்கும். நீ இழைத்துக்கொண்டிருக்கும்போது இடுப்புக்குப் பக்கத்தில் ரம்பமும் சுற்றும். இழைக்கும்போது ரம்பத்தைக் கழற்றிவிடு. அறுக்கும்போது ரம்பத்துக்குப் பின்னால், அதன் தகட்டைவிடச் சற்றுக் கனமான, பற்கள் வெட்டும் இடைவெளியைவிட மெல்லிய தகடு ஒன்று நிற்க வேண்டும். அறுத்த இடைவெளி மூடிக்கொண்டால் பின்பற்கள் மரத்தைத் தூக்கி உன்மேலேயே எறியும். அந்தத் தகடுதான் அதைத் தடுக்கும். வேலைக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றிப் போட்டிருக்கும் பட்டறைகளைப் பார்ப்பாய். நீ அப்படிச் செய்யாதே. ஓரடிக்குக் குறைந்த துண்டை மெஷினில் இழைக்காதே, அதற்குக் கை இழைப்புளி இருக்கிறது. லுங்கி, தோளில் துண்டு, கையுறை மூன்றும் ஆகாது. மூக்கை மூடு. புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலில் மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 1995-லேயே சேர்த்துவிட்டது.

மோட்டார் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். வீட்டின் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் 2 குதிரைத்திறன் ஓடும். சுவரில் 16 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் இருக்க வேண்டும். பேரிங் 6204, 6205 போல எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிற எண்ணா என்று மட்டும் கேள்.

கடைக்குப் போகும்போது மூன்றடிச் சட்டம் இரண்டு கொண்டுபோ. இரண்டின் விளிம்பையும் அங்கேயே இழைக்கச் சொல்லி, விளிம்போடு விளிம்பு சேர்த்து வெளிச்சத்தில் பிடி. நடுவிலோ ஓரத்திலோ ஒளி கசிந்தால் கத்திக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு மேசையும் ஒன்றுக்கொன்று சரியாக அமையவில்லை. பிறகு மேசையைத் தூக்கி இறக்கி, தடுப்பைக் கழற்றி மாட்டி, மூலைமட்டம் வைத்துப் பார். இரண்டு மூன்று தடவை செய். ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்கு வந்து உட்காருகிற மெஷின் என்றால் பெயின்ட் போயிருந்தாலும் வாங்கு. பவர் இல்லை, பெல்ட் இல்லை என்று ஓட்டிக் காட்டத் தயங்கினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போ.