நடுமடிப்பு நீர்க்கட்டி

சிறுகுடலைத் தாங்கும் மென்சவ்வை நடுமடிப்பு என்பர். அதில் தோன்றும் நீர்க்கட்டி மிக அரிது. 1507இல் வெளிவந்த புளோரன்ஸ் நகர வைத்தியர் பெனிவியேனியின் நூலிலேயே இதன் குறிப்புண்டு.

பெரும்பாலும் நோவின்றி வளர்வதால், மருதமுனைத் தறியில் உழைப்பவரோ கல்முனைக் கடலோடியோ இதனை வெறும் வாயுவென எண்ணிக் காலங்கடத்துதல் கூடும். கையாற் பரிசோதிக்குங்கால் இக்கட்டி பக்கவாட்டில் எளிதில் அசையும். மேலுங்கீழும் அவ்வாறு அசையாது. ஸ்கான் பரிசோதனை ஐயத்தைப் பெரிதும் நீக்கும்.

நீரை மட்டும் உறிஞ்சியெடுத்தல் போதாது. சுவர் எஞ்சின் கட்டி மீண்டும் நிறையும். ஆதலின், சுவரோடு முழுவதையும் அகற்றுவதே தக்க சத்திரசிகிச்சை. குடலின் இரத்தக்குழாய்கள் ஒட்டியிருப்பின் அக்குடற்பகுதியையும் நீக்க நேரும். அகற்றிய கட்டியை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தே புற்றன்று எனத் துணிவர்.

கட்டி முறுக்குண்டாலோ வெடித்தாலோ உயிருக்கே இடராம். நோவில்லாத வீக்கத்தையும் காலத்தே வைத்தியருக்குக் காட்டுமாறு நம்மூரவர்க்கு எடுத்துரைத்தல் கற்ற நம் கடனாகும்.