மென்பொருள் தரச் சரிபார்ப்பில் தெரிவு வினாக்கள்

புதிய மென்பொருளை உபயோகத்திற்கு விடுமுன் அதனைச் சோதிப்போர் ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கையாளுவது வழக்கம். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபேகன் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுமுறையிலும் இத்தகைய பட்டியல் இடம்பெற்றது. பெரும்பாலான பட்டியல்களின் வினாக்கள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் விடையையே வேண்டுவன. “அளவு மீறிய எண்கள் தக்கவாறு கையாளப்படுகின்றனவா?” என்று வினவினால், ‘ஆம்’ என்று குறியிடுவதற்கு மென்பொருளை இயக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருபதாவது வினாவை எட்டுமுன் கை தானாகவே குறியிடத் தொடங்கிவிடும்.

அதே வினாவைப் பின்வருமாறு மாற்றி அமைக்கலாம். வயதுக்குரிய கட்டத்தில் 250 என்று பதிந்தபோது யாது நிகழ்ந்தது? (அ) ஒன்றும் கூறாமல் ஏற்றுக்கொண்டது, (ஆ) காரணம் காட்டி ஏற்க மறுத்தது, (இ) இயக்கம் நின்றுவிட்டது, (ஈ) வேறு விதமாக நிகழ்ந்தது, விவரம் எழுதுக, (உ) சோதிக்கப்படவில்லை. இதற்கு விடை தருபவர் 250 என்று பதிந்து பார்த்தே ஆகவேண்டும். தெரிவுகள் யாவும் கண்ணாற் கண்ட நிகழ்ச்சிகளாக இருத்தல் வேண்டும். ‘நன்று, நடுத்தரம், குறைவு’ என்பன நிகழ்ச்சிகள் அல்ல, அபிப்பிராயங்களே. விரும்பத்தக்க விடையை எப்போதும் முதலில் வைப்பதும் தவறு.

ஆசிரியர்கள் இவ்வினா வடிவத்தை நன்கறிவர். மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழைகளிலிருந்து தவறான விடைகளைத் திரட்டுவதுபோல, இங்கும் முன்னர் நேர்ந்த பழுதுகளிலிருந்து தெரிவுகளைத் திரட்ட வேண்டும். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. தேர்வில் வினா தொடுப்பவருக்குச் சரியான விடை முன்னரே தெரியும். இங்கோ அவருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்வதற்காகவே வினவுகிறார். ஆகவே ‘சோதிக்கப்படவில்லை’ என்பதும் மதிக்கத்தக்க விடையே. அதனை ‘பொருந்தாது’ என்பதோடு ஒரே கட்டத்தில் அடக்கிவிடலாகாது.

இவ்வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதற்கு ஏரியான் 5 ராக்கெட் சான்றாகும். 1996 ஜூன் 4ஆம் தேதி பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து முதன்முறையாக ஏவப்பட்ட அது, சுமார் 40 விநாடிகளில் பாதை பிறழ்ந்து சிதறியது. கிடைத்திசை வேகத்தைச் சார்ந்த ஒரு மதிப்பை 16 பிட் முழு எண்ணாக மாற்றுகையில், அது 32,767 என்னும் உச்ச வரம்பைக் கடந்துவிட்டது. ஆபத்துக்குரிய ஏழு மாறிகளுள் நான்கிற்கே பாதுகாப்பு அளிக்கப்பட்டிருந்தது; ஏனைய மூன்றும் வரம்பைத் தாண்டா என்று கருதப்பட்டன. அக்கருத்து ஏரியான் 4க்குப் பொருந்தியது. புதிய ராக்கெட்டின் பறப்புப் பாதையைக் கொண்டு அது சோதிக்கப்படவில்லை. “வரம்புக்குள் உள்ளதா?” என்று மட்டும் கேட்டிருந்தால் ‘ஆம்’ என்பதே விடையாக வந்திருக்கும். ஆகையால் முக்கியமான ஒவ்வொரு வினாவையும் தொடர்ந்து, அவ்விடை எதனாற் பெறப்பட்டது என்று மற்றொரு தெரிவு வினாவும் வைத்தல் நலம்: இம்முறை இயக்கிக் கண்டதா, கணக்கிட்டு அறிந்ததா, முந்தைய பதிப்பிலிருந்து எடுத்துக்கொண்டதா?

கள ஊழியர் பலர் இக்காலத்தில் கைக்கருவியிலேயே படிவங்களை நிரப்புகின்றனர். பாதியில் இணைப்பு அறுந்தால் பதிவு தங்கலாம், மறையலாம், இருமுறை சென்று சேரவும் கூடும். மூன்றாவது நேர்ந்தால் ஒரே குடும்பம் இரண்டாக எண்ணப்படும். நகரத்து அலுவலகத்தில் அமர்ந்து பட்டியல் எழுதுவோருக்கு இது தோன்றுவது அரிது. எனவே களத்திலிருந்து ‘வேறு விதமாக’ என்னும் கட்டத்தில் மீண்டும் மீண்டும் வரும் விவரத்தை, அடுத்த திருத்தத்தில் தனித் தெரிவாகவே சேர்த்துவிட வேண்டும்.

தெரிவுகளுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டுவது தகாது. நாற்பது வினாக்களில் முப்பத்தொன்பதில் தேறிய மென்பொருள், எஞ்சிய ஒன்றில் பதிவுகளை இழக்குமாயின் அது உபயோகத்திற்கு உரியதன்று.

பட்டியல் தயாரானதும், இருவரிடம் தனித்தனியே கொடுத்து ஒரே மென்பொருளை ஒரே கருவியிற் சோதிக்கச் செய்க. அவர்தம் விடைகள் வேறுபடும் இடங்களில், மென்பொருளைக் குறை கூறுமுன் வினாவின் சொற்களைத் திருத்துக.