மேம்படுத்திய பின் 'ஹேங்' ஆகும் கம்ப்யூட்டர்: குறை காணும் முறை



பழைய கம்ப்யூட்டரைத் தட்டி நிமிர்த்துவது இப்போது வீட்டுக்கு வீடு நடக்கும் வேலையாகிவிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அதற்கெல்லாம் வசதி இல்லாத நாம் என்ன செய்கிறோம்? இருக்கிற பெட்டியில் ஒரு எஸ்எஸ்டி, கூட ஒரு ராம் என்று போட்டு ஓட்டுகிறோம். முதல் வாரம் பறக்கும். அப்புறம் ஹேங் ஆக ஆரம்பிக்கும். கடைக்குத் தூக்கிப்போனால் "போர்டு போச்சு" என்பார்கள், இல்லையென்றால் ஃபார்மட் போட்டுத் தருவார்கள். இரண்டிலும் காசு போகும், சமயத்தில் நோய் அப்படியே இருக்கும்.

போர்டைக் குறை சொல்லுமுன் நாமே வீட்டில் என்னென்ன பார்க்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எப்படி நின்றது என்று பாருங்கள்

ஹேங் என்பது ஒரே நோய் அல்ல. நின்ற விதத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். நின்றதும் பவர் பட்டனை அமுக்காமல், கேப்ஸ் லாக்கை ஒருமுறை அழுத்துங்கள். விளக்கு மாறுகிறதா? பல கீபோர்டுகளில் அந்த விளக்கு தானாக எரிவதில்லை. நாம் அழுத்தியதை கம்ப்யூட்டர் வாங்கி, 'விளக்கைப் போடு' என்று திருப்பிச் சொன்னால்தான் எரியும். ஆகவே விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது என்று பொருள்.

விளக்கு மாறுகிறது, மவுஸ் அம்பு நகர்கிறது, ஆனால் எதைத் தொட்டாலும் திறக்கவில்லை, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து எல்லாம் தானாக ஓடுகிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க் பக்கம் கோளாறு. விளக்கும் மாறவில்லை, பாட்டு ஒரே இடத்தில் 'டர்ர்ர்' என்று நிற்கிறது என்றால் ராம் அல்லது பவர் சப்ளை மேல் சந்தேகப்படலாம். படம் மட்டும் நின்று பாட்டு ஓடிக்கொண்டே இருந்தால் கிராபிக்ஸ். அதற்கு கண்ட்ரோல், ஷிஃப்ட், விண்டோஸ், பி நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், படம் திரும்ப வந்தாலும் வரும்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. யாரைக் கேட்டாலும் முதலில் "பேஸ்ட் மாத்து" என்பார்கள். நம் மதுரை வெயிலில் அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் இன்றைய பிராசஸர் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் பட்டென்று அணைந்துவிடும். அணையாமல் உறைந்து நிற்கிறதென்றால் சூட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

எங்கள் வீட்டுப் பெட்டி

சிம்மக்கல்லில் எங்கள் வீட்டில் இருப்பது 4-ஆம் தலைமுறை பிராசஸர் போட்ட பழைய அசெம்பிள்டு பெட்டி. அப்பா கீழமாசி வீதியில் மூட்டை இறக்கும் தொழிலாளி. அம்மா தையல். பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெட்டியில் அக்கம்பக்கத்தாருக்கு மனு, வாடகை ஒப்பந்தம், காதுகுத்துப் பத்திரிகை என்று பக்கம் 20 ரூபாய்க்கு டைப் அடித்துக் கொடுக்கிறேன். என் பரீட்சைக் கட்டணம் அதில்தான் வருகிறது.

அம்மாவின் சீட்டுப் பணத்தில் 3,600 ரூபாய்க்கு ஒரு எஸ்எஸ்டியும் ஒரு 8 ஜிபி ராமும் போட்டோம். ஒன்பதாம் நாள் ஹேங். கடைக்கார அண்ணன் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு தங்கச்சி, 6,500 ஆகும்" என்றார். அப்பா ராத்திரி சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "ஏத்தா, நீ படிக்கிறது இதத்தான?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்து நாலு பத்தி கோடு போட்டேன்: தேதி, மணி, அப்போது என்ன ஓடியது, எப்படி நின்றது. மூன்று நாளில் ஏழு தடவை. ஏழிலும் கேப்ஸ் லாக் விளக்கு மாறியது, முன்பக்க சிவப்பு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது.

ஆனாலும் ராமை விட்டுவிடக் கூடாதே! இரண்டு புதுப் பொருள் போட்டிருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கழற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கி, ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ஒரே ஒரு பிழை வந்தாலும் ராம் சரியில்லை என்றுதான் அர்த்தம். காலையில் பிழை பூஜ்யம். (டிடிஆர்3 ராம் வாங்குபவர்கள் 1.5 வோல்ட்டா, 1.35 வோல்ட்டா என்று ஸ்டிக்கரில் பார்த்து வாங்கவும். போர்டு எதை ஏற்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும்.)

அடுத்து ஈவென்ட் வியூவர். ஸ்டார்ட் மெனுவில் பெயரை அடித்தாலே வரும். 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. நோட்டில் எழுதிய மணிக்கு நேராக என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம்மில் பலர் சிவப்பாக 'கெர்னல் பவர் 41' என்று பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். முன்பு ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்லும். நாமே பட்டனை அமுக்கி அணைத்தாலும் அது வரும். எனக்கு வேண்டியது அதற்கு முன்னால் மஞ்சளாக இருந்தது: எண் 129. டிஸ்க்கிடமிருந்து பதில் வராததால் அதை ரீசெட் செய்தேன் என்று விண்டோஸ் எழுதி வைத்த குறிப்பு. இதே குடும்பத்தில் 153-ம் உண்டு, கேட்டதையே மறுபடி கேட்டேன் என்பது அது.

சரி, டிஸ்க் கெட்டதா, டிஸ்க்குக்குப் போகும் வழி கெட்டதா? இங்கேதான் ஸ்மார்ட் பதிவுகள் உதவும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். 05, சி5 என்ற வரிகள் கூடினால் பொதுவாக டிஸ்க்கே தேய்கிறது. சி7 என்ற வரி கூடினால் வழியில் கோளாறு. இதை அப்பாவுக்கு நான் இப்படித்தான் விளக்கினேன்: லாரியில் ஏற்றும்போது மூட்டைக் கணக்கைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள், இங்கே இறக்கி எண்ணினால் கூடிவரவில்லை, அப்போது குடோனில் தப்பில்லை, வழியில்தான் ஏதோ நடந்திருக்கிறது. சிஆர்சி என்பதும் இதே கணக்குதான். அனுப்பும்போது ஒரு கூட்டு எண்ணைச் சேர்த்து அனுப்புவார்கள், வாங்கும் பக்கம் அதை மறுபடி போட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் 'திரும்ப அனுப்பு'. அந்த இழுபறியில் இணைப்பே தடுமாறி ரீசெட் ஆகும்வரை நம் புரோகிராம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதைத்தான் நாம் ஹேங் என்கிறோம்.

எங்கள் எஸ்எஸ்டியில் சி7 முதல் நாள் 412, மறுநாள் 437. 05 பூஜ்யம். சாட்டா கேபிள் பழைய ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது, பக்கவாட்டு மூடி அமுக்கியதில் மடங்கியிருந்தது. பழைய டிஸ்க் விநாடிக்கு 3 ஜிகாபிட் வேகத்தில் பேசியது, அதற்கு அந்தக் கேபிள் தாங்கியது. எஸ்எஸ்டி பேசுவது 6 ஜிகாபிட். 90 ரூபாய்க்குக் கிளிப் வைத்த புதுக் கேபிள் போட்டேன். சி7 எண் எப்போதும் குறையாது, ஆகையால் குறைகிறதா என்று பார்க்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மாதமாக 437-லேயே நிற்கிறது. அந்த 6,500 ரூபாய் அம்மாவிடமே இருக்கிறது.

கேபிள் மாற்றியும் தீராதவர்கள்

இவர்கள் பவர் சப்ளையைப் பார்க்கவும், குறிப்பாகப் புதிதாகக் கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள். நம்மிடம்தான் மல்ட்டிமீட்டர் இருக்கிறதே! கம்ப்யூட்டர் ஓடும்போதே, உபயோகிக்காத நாலு பின் கனெக்டரில் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட், கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். பின்கள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளவும். சும்மா இருக்கும்போது சரியாக இருந்து, கேம் ஓடும்போது 11.4-க்குக் கீழே இறங்கினால் சப்ளை போதவில்லை. ஆனால் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட் ஏசியை நேராக்கினால் உச்சம் சுமார் 325 வோல்ட், அது பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். போர்டில் தலை உப்பிய கெப்பாசிட்டர் தெரிந்தால் மட்டும் "போர்டு போச்சு" என்ற பேச்சுக்கு நியாயம் உண்டு.

தயாரித்தவர் மேலேயே தவறு இருந்த வழக்குகளும் உண்டு. 2011 ஜனவரி 31-ஆம் தேதி இன்டெல் தன் 6-ஆம் வரிசை சிப்செட்டில் குறை இருப்பதாக அறிவித்தது. 3 ஜிகாபிட் சாட்டா போர்ட்டுகள் நாளடைவில் மோசமாகும், 6 ஜிகாபிட் போர்ட்டுகள் 0, 1 இரண்டுக்கும் பாதிப்பில்லை. பழுது பார்க்கவும் மாற்றித் தரவும் 70 கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். காரணம் உள்ளே ஒரே ஒரு டிரான்சிஸ்டர்! அப்படிப்பட்ட பழைய போர்டு கையில் கிடைத்தால் கேபிளை 0 அல்லது 1-க்கு மாற்றிப் போட்டாலே போதும்.

இன்னொன்று குரூஷியல் எம்4 எஸ்எஸ்டி. 5,184 மணி நேரம் ஓடியதும் பதில் சொல்லாமல் நின்றுவிடும், திரும்பப் போட்டால் ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நிற்கும். தினம் 8 மணி நேரம் ஓட்டுபவருக்கு 648-ஆம் நாள் இந்த வியாதி வரும். ஃபர்ம்வேரில் இருந்த எண்ணும் பிழைதான் காரணம். 2012 ஜனவரியில் 0309 என்ற ஃபர்ம்வேர் வந்து சரியானது. இதற்கு எத்தனை தடவை ஃபார்மட் போட்டிருந்தாலும் பலன் கிடைத்திருக்காது. ஆகவே உங்கள் எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேர் எண்ணைக் குறித்து, தயாரிப்பாளர் புதிது வெளியிட்டிருக்கிறாரா என்று பார்ப்பது நல்லது. ஏற்றுமுன் ஃபைல்களை வேறிடத்தில் நகல் எடுத்து வைக்கவும்.

பரிசோதிக்க விரும்புவோர் கேட்டால் என் மல்ட்டிமீட்டரையும் மெம்டெஸ்ட் பென்டிரைவையும் தருகிறேன். மல்ட்டிமீட்டரின் கறுப்பு வயர் கொஞ்சம் லூஸ், பிடித்துக்கொண்டு அளக்கவும். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும், அன்று எனக்கு லேப் இருக்கிறது.