ரிலேவைத் திருகுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

தேயிலை குவியும் நாட்களில், இலையை நசுக்கும் சி.டி.சி. மெஷினின் மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று குன்னூரிலிருந்து எழுதியிருந்தாய். ‘வோல்டேஜ் இறங்கும்போது கரண்ட் ஏறுகிறதே, ஓம் விதி தப்பா அண்ணே?’ என்றும் கேட்டிருந்தாய். இந்தக் கேள்வி உனக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

விதி தப்பில்லை. ஹீட்டர் காயிலின் தடை பெரிதாக மாறுவதில்லை; அதனால் வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும், தண்ணீர் சுட நேரமாகும், அவ்வளவுதான். மோட்டார் சங்கதி வேறு. அது சுழலும்போது சப்ளையை எதிர்க்கும் ஒரு வோல்டேஜ் அதற்குள்ளேயே பிறக்கிறது. வெறும் காயில் தடையை வைத்து மட்டும் அதன் கரண்டைக் கணக்கிட முடியாது. ரோலர்களுக்கு நடுவே இலை இருக்கும்வரை பாரம் குறையாது. வோல்டேஜ் போதாதபோது மோட்டார் கொஞ்சம் வேகம் தளர்ந்து, கூடுதல் கரண்டை இழுத்து அதே பாரத்தைச் சுமக்கிறது. கரண்ட் இரண்டு மடங்கானால் காயிலில் சூடு நான்கு மடங்கு.

குறைந்த வோல்டேஜ் எங்கே போனது? பெரும்பாலும் கம்பியில்தான். மலைச்சரிவில் டிரான்ஸ்ஃபார்மர் ஓரிடம், ஃபேக்டரி ஓரிடம். ஒரு பேஸ் கம்பியின் தடை 0.4 ஓம், ஓடுவது 40 ஆம்பியர் என்று வைத்துக்கொள். 16 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். அந்த ஒரு கம்பி மட்டும் 640 வாட்டைச் சூடாக வெளியே விடும். பனியிலும் மழையிலும் அலுமினியமும் செம்பும் சேரும் ஜாயின்ட் அரித்துப்போனால் தடை இன்னும் ஏறும்.

உன் மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய பாடம் இருக்கிறது. 1932-ல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 3,000 அடிக்கு மேல் விழும் தண்ணீரில் பிறந்த மின்சாரத்தைக் கோயம்புத்தூருக்கு 66,000 வோல்ட்டில் இறக்கினார்கள். அதே மின்திறனை அனுப்ப வோல்டேஜை ஆறு மடங்காக்கினால் கரண்ட் ஆறில் ஒன்றாகும். அதே கம்பியில் இழப்பு 36-ல் ஒன்றுதான். கோவை மில்களுக்கு மலைத்தண்ணீர் பயன்பட்டதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ட்ரிப் ஆகிறதே என்று, கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேவை நேம்ப்ளேட் அளவுக்கு மேலே திருகிவிடாதே. யார் அவசரப்படுத்தினாலும் திருகாதே. மோட்டாரையும் உன் கூட வேலை செய்கிறவர்களையும் காப்பது அந்த ரிலேதான். மெஷின் நிற்கும்போது எடுத்த வோல்டேஜை நம்பி முடிவு செய்யாதே, கரண்ட் ஓடாத கம்பியில் வோல்டேஜ் குறையாது. முழு இலை ஓடும் நேரத்தில் மெயின் போர்டிலும் மோட்டார் டெர்மினலிலும் மூன்று பேஸ்களையும் அள, கம்பியைச் சுற்றிப் பிடித்து அளக்கும் டாங் டெஸ்டரில் கரண்டையும் பார். உனக்கு மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது அள. அந்த அளவுகளை எழுதி அனுப்பு. கேபிளை மாற்றுவதா ஜாயின்டைப் பார்ப்பதா என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.

அன்புடன்,
அண்ணன்