மூக்கில் வடியும் இரத்தமும் இதயத்தின் பாரமும்

நாம் ஓய்வாக இருக்கும்போதும் நம் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அது தமனிகள் வழியே சென்று, மிக நுண்ணிய தந்துகிகளில் மெல்லப் பரவி, சிரைகள் வழியே திரும்புகிறது.

பரம்பரையாக வரும் ஒரு கோளாறினால் சிலருக்கு இடையிலுள்ள தந்துகிகள் அமையாமல், தமனி நேரே சிரையுடன் இணைந்துவிடுகிறது. ரான்டூ (1896), ஆஸ்லர் (1901), வெபர் (1907) ஆகிய மருத்துவர்கள் இதனை விவரித்தனர். ஆகவே இது 'ஆஸ்லர்-வெபர்-ரான்டூ நோய்' எனப்படுகிறது. ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிதல், உதட்டிலும் நாவிலும் விரல் நுனியிலும் சிறு செம்புள்ளிகள் ஆகியவை இதன் அடையாளங்கள்.

இத்தகைய குறுக்கு வழிகள் கல்லீரலில் பெருகினால் என்ன ஆகும்? மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை எண்ணிப் பாருங்கள். மேல்தொட்டி நீர் வீடுகளுக்குச் செல்லாமல் நேரே கீழ்த்தொட்டிக்கே திரும்பினால், மோட்டார் ஓயாது ஓட வேண்டும். வீடுகளிலோ குடம் நிரம்பாது. அவ்வாறே இதயமும் அளவுக்கு மீறி உழைத்துக் களைத்துப் போகிறது. மூச்சு வாங்குகிறது, கால்கள் வீங்குகின்றன. கல்லீரலில் இக்கோளாறு உள்ள பலருக்குத் தொல்லை ஏதும் இராது; தொல்லைப்படுவோரில் பெண்களே மிகுதி.

மூக்கில் இரத்தம் வடிவதால் சோகையும் சேர்ந்து இதயத்தின் பாரத்தைக் கூட்டும். எனவே இரும்புச்சத்து மருந்து மிக அவசியம். ஆனால், "வெறும் சோகைதான்" என்று இருந்துவிடலாகாது. டாப்ளர் ஸ்கேன் கல்லீரலின் நிலையைக் காட்டிவிடும். ஊசியால் கல்லீரல் திசுவை எடுத்துச் சோதிப்பது இந்நோயாளிகளுக்கு ஆபத்தானது. கடும் இரத்தப்போக்கு ஏற்படலாம். குடும்பத்தில் இந்நோய் இருப்பதை மருத்துவரிடம் முன்னரே கூற வேண்டியது இதனால்தான். நீர் பிரிக்கும் மருந்துகள் இதயத்தின் சுமையைக் குறைக்கும். நோய் முற்றியவர்களுக்குக் கல்லீரல் மாற்று அறுவை உண்டு. தமிழ்நாட்டில் 2008 முதல் நடந்துவரும் உறுப்பு தானத் திட்டம், மாற்று உறுப்புக்குக் காத்திருப்போருக்கு நம்பிக்கை அளிக்கிறது.

பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை. இது எவருடைய குற்றமுமன்று, சாபமுமன்று. ஆயினும் மகளின் திருமணம் தடைப்படுமோ என்றஞ்சிச் சில குடும்பங்கள் பரம்பரை நோய்களை மறைத்துவிடுகின்றன. மறைப்பதால் நோய் நீங்காது. தக்க வேளையில் கிடைக்க வேண்டிய உதவிதான் நீங்கும்.

தோழியரே! உங்கள் வீட்டில் பாட்டி, தாய், பிள்ளை என மூக்கில் இரத்தம் வடிவது தொடர்கிறதா? அஞ்ச வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் ஓர் இதயத்தைக் காக்கக்கூடும்.